கார் இன்சூரன்ஸ் கம்பெனி மாறும்போது என்சிபி-யை (நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் எடுக்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) எப்படி நிரூபிப்பது?

நொய்யல்கரை:

வணக்கம். 1200 சிசி பெட்ரோல் கார். ஆர்சி, பாலிசி இரண்டும் என் பெயரில். நடப்பு முழு பாலிசி ஜூலை 18 நள்ளிரவோடு முடிகிறது. ஷெட்யூலில் என்சிபி 35% என்று போட்டிருக்கிறது. அதே ஐடிவி-க்கு (வண்டிக்குப் போட்ட காப்பீட்டு மதிப்பு) இன்னொரு கம்பெனியில் கிட்டத்தட்ட 3,000 ரூபாய் குறைவாக வருகிறது. மாறிவிடலாம் என்று இருக்கிறேன். சில சந்தேகங்கள்:

புது கம்பெனிக்கு என்சிபி-க்கு ஆதாரமாக எதைக் கொடுக்க வேண்டும்? பழைய பாலிசி காப்பி போதுமா, தனியாகக் கடிதம் வாங்க வேண்டுமா?

இணையதளத்தில் என்சிபி கட்டத்தில் 35 போடுவதா, 45 போடுவதா?

பிப்ரவரியில் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் யாரோ இடித்து சைடு மிரர் உடைந்தது. க்ளைம் பதிவு செய்தேன், சர்வேயரும் (சேதத்தை மதிப்பிடுபவர்) வந்து பார்த்தார். பில் 2,800 தான் என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இது க்ளைம் கணக்கில் வருமா?

ஏஜென்ட் ஒருவர், "50% போட்டுக்கலாம் சார், யாரும் பார்க்க மாட்டாங்க" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

கார்மேகம்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் இருப்பது அங்கேதான்.

ஷெட்யூலில் இருக்கும் 35% இந்த வருட பிரீமியத்தில் உங்களுக்கு ஏற்கெனவே கழித்துக் கொடுத்தது. இந்த வருடமும் க்ளைம் இல்லாமல் முடிந்தால்தான் அடுத்த படியான 45% உங்களுடையது. படி எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: 20, 25, 35, 45, 50. ஐந்து வருடத்தில் உச்சி, அதற்கு மேல் ஏறாது. இடையில் ஒரு க்ளைம் வந்தால் ஒரு படி இறங்குவதில்லை, நேராகப் பூஜ்யம்.

"முந்தைய பாலிசியில் இருந்த என்சிபி" என்று தளம் கேட்டால் 35 போடுங்கள். ஒரு படி ஏற்றி 45 கழிப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். "இப்போது உங்களுக்கு உரிய என்சிபி" என்று கேட்டால் 45. முந்தைய என்சிபி-யைக் கேட்கும் இடத்தில் 45 என்று போட்டால் தளம் 50 கழித்துவிடும். நீங்கள் கை தவறிப் போட்டிருந்தாலும் பேப்பரில் அது தவறான உறுதிமொழிதான். பணம் கட்டும் முன் கொட்டேஷனை இறக்கி, என்சிபி வரியில் 45 என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆதாரம். 2002 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபின் பொது விதி 27 இதற்கு அடிப்படை. 2007-இல் சொந்த சேதப் பகுதியின் (நம் வண்டிக்கான காப்பீடு) விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட பிறகும் என்சிபி படிகளும் நடைமுறையும் அந்த விதியை ஒட்டியே ஓடுகின்றன. பழைய கம்பெனியின் ரினீவல் நோட்டீஸ், அல்லது என்சிபி உறுதிக் கடிதம், இரண்டில் ஒன்று ஆதாரம் என்கிறது அந்த விதி. இரண்டும் இல்லாவிட்டால் முடியப்போகும் பாலிசியின் காப்பியோடு, "நான் கோரும் என்சிபி விகிதம் சரி, இந்தப் பாலிசி காலத்தில் க்ளைம் எழவில்லை, இது தவறு என்று தெரியவந்தால் பாலிசியின் முதல் பிரிவுப் பலன்கள் அனைத்தையும் இழப்பேன்" என்று எழுதித் தர வேண்டும். ஆன்லைனில் வாங்கும்போது ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்வார்களே, அது இந்த உறுதிமொழிதான். முதல் பிரிவு என்றால் உங்கள் வண்டிக்கான சேதம், திருட்டு எல்லாம்.

ஆகவே வெறும் பாலிசி காப்பியை வைத்தும் வாங்க முடியும். ஆனால் அந்தக் காப்பி சொல்வது போன வருடம் வரைக்கான கதை. இந்த வருடம் க்ளைம் இல்லை என்பதை அது சொல்லாது. ரினீவல் நோட்டீஸ் சொல்லும். அது வராவிட்டால் பழைய கம்பெனியின் தளத்திலோ ஆப்பிலோ நுழைந்து ரினீவல் விலையைப் பாருங்கள். அங்கே காட்டும் என்சிபி-தான், நாளை புது கம்பெனி விசாரிக்கும்போது அவர்கள் சொல்லப்போகும் பதில்.

கடிதமே வேண்டும் என்றால் பாலிசியில் பதிந்த மின்னஞ்சலிலிருந்து கேளுங்கள். பெயர், வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், பாலிசி எண், காலம், இந்தப் பாலிசியில் கொடுத்த என்சிபி, க்ளைம் நிலை, அடுத்த ரினீவலுக்கு உரிய என்சிபி, இவ்வளவும் அதில் வர வேண்டும். "க்ளைம் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் வண்டி எண்ணும் பாலிசி எண்ணும் சேர்த்து மறுபடி கேட்டு வாங்குங்கள். அந்த ஒற்றை வரி எந்த வண்டிக்கு என்று பிறகு யாருக்கும் தெரியாது.

ஓடி_கோப்பு:

மிரர் க்ளைம் பற்றி.

பணம் கொடுக்காமல், வண்டிக்காரரே வாபஸ் வாங்கியதாக முடித்துவைத்த க்ளைம் நடைமுறையில் என்சிபி-யைத் தொடுவதில்லை. தொடுவது இரண்டு: பணம் கொடுத்த க்ளைம், இன்னும் திறந்தே கிடக்கும் க்ளைம். விதியின் வாசகமே "க்ளைம் செய்யவோ, நிலுவையில் இருக்கவோ கூடாது" என்றுதான் போகிறது. உங்கள் விஷயத்தில் ஆபத்து இரண்டாவதில். சர்வேயரிடமோ ஒர்க்ஷாப்பிலோ வாயால் "வேண்டாம்" என்று சொன்னால் கம்பெனியின் கணினியில் எதுவும் மூடாது. சர்வேயர் அறிக்கைக்காகக் காத்திருப்பதாகவே அந்தக் கோப்பு மாதக்கணக்கில் கிடக்கும். ரினீவல் வரும்போது கணினி அதைப் பார்த்து என்சிபி-யைப் பூஜ்யமாக்கிவிடும்.

இன்றைக்கே க்ளைம் எண்ணைப் போட்டு நிலவரம் பாருங்கள். "பணமின்றி முடிக்கப்பட்டது", "வாபஸ்" என்பது போல வந்தால் சரி. "நிலுவை", "சர்வே முடிந்தது" என்று வந்தால், க்ளைமை வாபஸ் பெறுகிறேன், தொகை எதுவும் பெறவில்லை, கோப்பை முடித்து உறுதிக் கடிதம் தரவும் என்று க்ளைம் பிரிவுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதம் புது கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

நீங்கள் அந்தக் க்ளைமை விட்டது சரிதான். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள். 1500 சிசி வரை கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு க்ளைமிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு, 1,000 ரூபாய். 2,800 முழுக்க பிளாஸ்டிக் என்று வைத்தால் கைக்கு வருவது 400. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) இருந்தாலும் 1,800 தான்.

பெரிய கணக்கையும் பார்க்கலாம். சொந்த சேத பிரீமியம் வருடம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். க்ளைம் இல்லாவிட்டால் வரும் ஐந்து வருடங்களின் என்சிபி 45, 50, 50, 50, 50. க்ளைம் எடுத்தால் 0, 20, 25, 35, 45. வித்தியாசங்களைக் கூட்டினால் 120%, அதாவது 10,800 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 12,744. வருடா வருடம் ஐடிவி இறங்குவதால் உண்மைத் தொகை இதைவிடக் குறையும். ஆனாலும் உங்கள் படியில் நிற்பவர் பத்தாயிரத்துக்குக் கீழே உள்ள க்ளைமை எடுக்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பழைய பாலிசி:

50% ஆலோசனை தந்த ஏஜென்டிடம் தயவுசெய்து பாலிசி எடுக்காதீர்கள்.

அதே 9,000 ரூபாயில் 45% என்றால் நீங்கள் கட்டுவது 4,950. 50% என்றால் 4,500. ஜிஎஸ்டி-யோடு மிச்சம் 531 ரூபாய். அந்த 531 ரூபாய்க்காக முழு வண்டியின் ஐடிவி-யையும் பணயம் வைக்கச் சொல்கிறார். வண்டி திருடு போனாலோ முழுச் சேதம் ஆனாலோ சர்வேயர் கோப்பைத் திறந்ததும் பார்ப்பவற்றில் முந்தைய பாலிசியின் என்சிபி-யும் ஒன்று. அங்கே 35, இங்கே 50 என்று இருந்தால் அத்தோடு க்ளைம் நின்றுவிடும். "ஏஜென்ட்தான் போட்டார்" என்பது எடுபடாது. முன்மொழிவில் உறுதிமொழி உங்கள் பெயரில் இருக்கிறது.

"யாரும் பார்க்க மாட்டாங்க" என்பதும் சரியில்லை. அந்த விதி 27-இன்படி, என்சிபி கொடுத்த கம்பெனி 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதி விசாரிக்க வேண்டும். பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விசாரித்து வித்தியாசம் தெரிந்தால் குறையும் பிரீமியத்தைக் கட்டச் சொல்லி மெயிலோ எஸ்எம்எஸ்-ஸோ வரும். ஏஜென்ட் தன் சொந்த எண்ணைப் பாலிசியில் பதிந்திருந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு வரவே வராது. பாலிசி கைக்கு வந்ததும் அதில் உள்ள கைபேசி எண்ணும் மெயிலும் உங்களுடையதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே தவறான என்சிபி-யில் பாலிசி எடுத்துவிட்டவர்கள் இதைப் படித்தால்: விபத்து நடக்கும் முன் கம்பெனிக்கு எழுதி, வித்தியாசத் தொகையைக் கட்டி, எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தப் பதிவு) வாங்கிவிடுங்கள். நடந்த பிறகு கட்டுகிறேன் என்றால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

இன்னொன்று, கார்மேகம் விட்டது. ரினீவலை 20, 30 நாள் முன்பே முடித்துவிடுகிறோம். பாலிசி எடுத்த அன்று க்ளைம் இல்லை என்பது உண்மை. ஜூலை 10-ஆம் தேதி எங்கோ இடித்து, பழைய பாலிசியில் க்ளைம் எடுத்தால் அந்த உண்மை பொய்யாகிவிடும். புது பாலிசி ஜூலை 19-இல்தான் தொடங்குகிறது என்றாலும் 45% இனி உங்களுக்குக் கிடையாது. உடனே புது கம்பெனிக்குச் சொல்லி, அதே 9,000 ரூபாய் கணக்கில் கழித்த 4,050 ரூபாயும் ஜிஎஸ்டி-யும் சேர்த்து 4,779 கட்டிச் சரிசெய்ய வேண்டும். நேர்மையானவர்கள் தெரியாமல் சிக்குவது இதில்தான்.

கார்மேகம்:

ஆமாம், அதைச் சொல்லியிருக்க வேண்டும். நன்றி.

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. புது பாலிசி ஜூலை 19 பிறக்கும் நள்ளிரவில் தொடங்கும்படி போடுங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் வண்டியை ஆய்வு செய்த பிறகே சொந்த சேதக் காப்பீடு தருவார்கள். முடிந்த தேதியிலிருந்து 90 நாள் வரை, உங்களுக்கு அக்டோபர் 16 வரை, என்சிபி உயிரோடு இருக்கும். அதைத் தாண்டினால் அத்தனை வருட உழைப்பும் போய்விடும். 90 நாள் இருக்கிறதே என்று வண்டியை ஓட்டவும் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரியது, யாரையாவது இடித்துவிட்டால் வரும் இழப்பீடு முழுக்க உங்கள் தலையில் விழும்.

என்சிபி விகிதத்தை மட்டும் வைத்துக் கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். எல்லாரும் 45% தான் தருவார்கள். விலை வித்தியாசம் அதற்கு முன்பு சொந்த சேதத்தில் கொடுக்கும் தள்ளுபடியிலும், ஐடிவி-யைச் சத்தமில்லாமல் குறைப்பதிலும், ஜீரோ டெப்பை எடுத்துவிடுவதிலும்தான் இருக்கிறது. தேர்ட் பார்ட்டி (பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு) தொகை அரசு நிர்ணயித்தது, எங்கும் ஒன்றே. அதில் என்சிபி-க்கு வேலையே இல்லை.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பழைய கம்பெனி ஆப்பில் பார்த்தேன். ரினீவல் விலையில் என்சிபி 0% என்று காட்டுகிறது! க்ளைம் நிலவரம் "சர்வே முடிந்தது, ஆவணங்களுக்காகக் காத்திருக்கிறது". கஸ்டமர் கேரில் கேட்டால், "நீங்கள்தான் வேறு கம்பெனிக்குப் போகிறீர்களே, அவர்களிடமே உறுதிமொழி கொடுங்கள்" என்கிறார்கள். உறுதிமொழி கொடுத்துவிட்டுப் போய்விடலாமா?

ஓடி_கோப்பு:

கூடாது. கோப்பு திறந்திருக்கும்போது "க்ளைம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், நாளை விசாரிக்கும்போது பழைய கம்பெனி பூஜ்யம் என்றுதான் பதில் சொல்லும். நீங்கள் உண்மையே பேசியிருந்தாலும் காகிதம் உங்களுக்கு எதிராக நிற்கும்.

போனை விடுங்கள். க்ளைம் பிரிவுக்கும் குறைதீர் அதிகாரிக்கும் ஒரே மெயிலாக அனுப்புங்கள். தலைப்பில் க்ளைம் எண், பாலிசி எண், வண்டி எண். உள்ளே மூன்று வரி போதும்: இந்தத் தேதியில் பதிவான க்ளைமை முழுமையாக வாபஸ் பெறுகிறேன், எனக்கோ ஒர்க்ஷாப்புக்கோ தொகை எதுவும் தரப்படவில்லை, கோப்பை முடித்து, 35%-இலிருந்து 45%-க்கு உரிய என்சிபி-யை உறுதிசெய்து கடிதம் தரவும். மிரரைச் சொந்தச் செலவில் மாற்றிய பில்லை இணையுங்கள். ஒர்க்ஷாப் பழைய எஸ்டிமேட்டைக் கேஷ்லெஸ்ஸில் (கம்பெனியே ஒர்க்ஷாப்புக்கு நேராகப் பணம் கட்டும் முறை) பதிந்து வைத்திருந்தால் அவர்களையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். அது கிடந்தால் கோப்பு மறுபடி திறந்துகொள்ளும்.

கோப்பு மூடிய பிறகும் ரினீவல் விலையில் உடனே 45 வராமல் போகலாம். மூடியதற்கான மெயிலைக் காட்டி ரினீவல் நோட்டீஸை மறுபடி தயாரிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய பாலிசி:

அதற்கும் பதில் இல்லை என்றால் ஐஆர்டிஏஐ-யின் (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) பீமா பரோசா தளத்தில் புகார் பதியுங்கள், அல்லது 155255-க்குப் போன் செய்யுங்கள். கம்பெனி ஒரு மாதம் பதிலே சொல்லாவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ அடுத்து இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் இதெல்லாம் ஜூலை 18-க்குள் முடியும் என்று நம்ப வேண்டாம்.

நாள் நெருங்கியும் கடிதம் வராவிட்டால் இரண்டு வழி. ஒன்று, புது கம்பெனியில் என்சிபி இல்லாமலே முழு பாலிசி எடுத்து, கடிதம் வந்ததும் என்சிபி-யைச் சேர்த்துப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று வாங்கும் முன்பே மெயிலில் கேட்டுப் பதில் வாங்குவது. வாய்ச் சம்மதத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மற்றொன்று, ஜூலை 19-இல் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்து, கடிதம் வந்ததும் 90 நாளுக்குள் சொந்த சேதத்துக்குத் தனிப் பாலிசி எடுப்பது. 2019 செப்டம்பரிலிருந்து இப்படிப் பிரித்து எடுக்க முடிகிறது. இடைப்பட்ட நாட்களில் உங்கள் வண்டிக்கு எந்தக் காப்பும் இருக்காது, பிறகு ஆய்வும் உண்டு. எனக்கு முதல் வழியே மேல் என்று படுகிறது. திருட்டுக்கும் விபத்துக்கும் நாள் நட்சத்திரம் கிடையாது.

கடல்தாண்டி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதோடு ஒட்டிய கேள்விதான். பழைய காரை விற்றாகிவிட்டது, புது கார் ஆறு மாதம் கழித்துத்தான். அந்த 50% என்ன ஆகும்? சிங்கப்பூரில் இருந்த காலத்து நோ க்ளைம் தள்ளுபடி இங்கே செல்லுமா?

கார்மேகம்:

என்சிபி வண்டியோடு போவதில்லை, ஆளோடு வரும். வாங்கியவருக்கு உங்கள் 50% கிடையாது. பாலிசி அவர் பெயருக்கு மாறும்போது மீதி நாட்களுக்கான என்சிபி தொகையை அவர் கட்ட வேண்டும். நீங்கள் கம்பெனியிடம் என்சிபி தக்கவைப்புக் கடிதம் கேளுங்கள். படிவம் 29, 30 (வண்டி உரிமை மாற்றப் படிவங்கள்) காப்பி, விற்பனை ரசீது, பெயர் மாறிய ஆர்சி காப்பி, பாலிசி காப்பி இவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாலிசி முடிந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் புது காருக்குப் பயன்படுத்தலாம். தனியார் காரில் சேர்த்தது தனியார் காருக்கு மட்டும். பைக்குக்கோ டாக்சிக்கோ போகாது. ஒரு கடிதம் ஒரு வண்டிக்குத்தான். புது கார் வாங்கும் ஷோரூமில் பில் போடும் முன்பே கொடுத்துவிடுங்கள். அங்கே பாலிசி போட்டவுடன் கேட்டால் அலைய வேண்டியிருக்கும்.

மகன், மனைவி பெயருக்கு மாற்ற முடியுமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். உயிரோடு இருக்கும்வரை முடியாது. உரிமையாளர் இறந்து, வண்டி கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் கைக்கு வந்தால் மட்டும் என்சிபி-யும் வரும்.

வெளிநாட்டுத் தள்ளுபடிக்கும் அதே விதி 27 இடம் கொடுக்கிறது. அங்கத்திய பாலிசி முடிந்த மூன்று வருடத்துக்குள் இங்கே பாலிசி எடுக்க வேண்டும், அங்கத்திய கம்பெனி தந்த ஆதாரம் வேண்டும். ஊர் திரும்பும் முன்பே அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். ஆன்லைன் படிவத்தில் இதற்கு இடம் தேடி நேரத்தைப் போக்காமல் நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுத்து, ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கொட்டேஷனிலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நொய்யல்கரை:

வாபஸ் மெயில் மிரர் பில்லோடு போய்விட்டது. ஒர்க்ஷாப்பிலும் எஸ்டிமேட்டை ரத்து செய்யச் சொல்லியாயிற்று. என்சிபி பாதுகாப்பு என்று ஒரு ஆட்-ஆன் புது கொட்டேஷனில் இருக்கிறது. எடுக்கலாமா?

ஓடி_கோப்பு:

45, 50 படியில் இருப்பவருக்குப் பயன் உண்டு. எடுக்கும் முன் வாசகத்தில் மூன்றைப் பாருங்கள்: வருடத்துக்கு எத்தனை க்ளைம் வரை, திருட்டுக்கும் முழுச் சேதத்துக்கும் செல்லுமா, அதே கம்பெனியில் ரினீவல் செய்தால் மட்டுமா. மூன்றாவதில் "ஆம்" என்று இருந்தால், க்ளைம் எடுத்த வருடத்தில் நீங்கள் கம்பெனி மாற முடியாது. மாறினால் புது கம்பெனி அதைக் க்ளைம் நடந்த வருடமாகவே பார்க்கும். விலை குறைவான இடத்துக்கு வருடா வருடம் மாறுகிற பழக்கம் இருந்தால் அந்தப் பணத்தை ஜீரோ டெப்பில் போடுங்கள்.

கடிதம் வந்ததும் அதில் 45% என்று எண் எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டுக் கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். "தகுதியான என்சிபி உண்டு" என்று எண் இல்லாமல் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.